குழாய்வழிப் பாதுகாப்பு: பொதுத்துறையைக் காப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி

2014 ஜூன் 27 அன்று பொழுது புலரும் நேரத்தில், ஆந்திரப் பிரதேசத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற ஊரில், கெயில் நிறுவனத்தின் 18 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்தது. பெயர்தான் நகரம், கோதாவரிக் கழிமுகத்தின் தென்னந்தோப்புகளுக்கு நடுவே அமைந்த கிராமம் அது. கசிந்த வாயு இருளில் வீடுகளைச் சூழ்ந்து நின்றது. அடுப்புப் பற்றவைக்கப்பட்டபோது எழுந்த பொறியே ஊரைக் கொளுத்தியது என்று அன்றைய செய்திகள் கூறின. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் உறக்கத்திலிருந்து எழக்கூட வாய்ப்புப் பெறாதவர்கள். வீடுகளும் கடைகளும் தோப்புகளும் கருகின.

அதே மாவட்டத்துப் பாசர்லபூடியில் 1995 ஜனவரியில் ஓஎன்ஜிசி கிணறு ஒன்று கட்டுமீறி வெடித்து, இரண்டு மாதங்களுக்கும் மேலாக எரிந்தது. எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப்படும் நிலத்தில் வாழ்வது எத்தகையது என்பதை அப்பகுதி மக்கள் முன்பே அறிந்திருந்தார்கள். நகரம் ஊரிலும் கசிவு பற்றி முன்னரே முறையிட்டதாக மக்கள் கூறினர். அந்த முறையீட்டைக் கேட்டு, ஆராய்ந்து, வாயுவை நிறுத்த ஆணையிடும் அதிகாரம் கொண்ட அலுவலகம் எது? இக்கட்டுரையின் கேள்வி இதுவே. நம் கட்சித் தோழர்கள் இதனைத் தங்கள் கேள்வியாக ஏற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

குழாய் எப்படி அழிகிறது?

நிலத்தடியிலிருந்து வரும் எரிவாயுவோடு நீராவியும் கரியமில வாயுவும் கலந்திருக்கும். நீரை நீக்கி உலர்த்தாமல் அனுப்பினால், அது துளிகளாகப் படிந்து குழாயின் தாழ்ந்த பகுதிகளில் தேங்கும். அந்த நீரில் கரியமில வாயு கரையும்போது கார்பானிக் அமிலம் உண்டாகி, எஃகை உள்ளிருந்தே அரிக்கத் தொடங்குகிறது. குழாயின் வெளிப்பூச்சு நலமாகவே இருக்கும். உட்சுவர் நாளுக்கு நாள் மெலியும். உயர் அழுத்தத்தில் வாயு பாயும் குழாயில் அந்த மெலிவு ஒருநாள் பிளவாகிறது.

நகரத்தில் நடந்தது இதுவே. உலர்ந்த வாயுவைக் கொண்டுசெல்ல வேண்டிய குழாயில் நீர் கலந்த ஈர வாயு செலுத்தப்பட்டது என்றும், நீர்நீக்கும் வசதி உரியவாறு அமைக்கப்படவில்லை என்றும் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் அமைத்த விசாரணைக் குழு கண்டறிந்தது. இது இயற்கைப் பேரிடர் அன்று. எவரும் முன்னறிய இயலாத விபத்தும் அன்று. ஈர வாயு எஃகை அரிக்கும் என்பது பொறியியல் மாணவருக்கும் தெரிந்த செய்தி. நீரை நீக்கும் வழி தெரியும். குழாயின் உள்ளே கருவியை ஓடவிட்டுச் சுவரின் தடிமனை அளக்கும் முறையும் தெரியும். தெரிந்தவற்றைச் செய்யவைக்கும் அதிகாரந்தான் இல்லாமற்போயிற்று.

நமக்கு முன்னுள்ள சங்கடம்

கெயில் பொதுத்துறை நிறுவனம். ஓஎன்ஜிசி, இந்தியன் ஆயில், ஆயில் இந்தியா ஆகியனவும் அவ்வாறே. இவற்றைத் தனியாருக்கு விற்கும் முயற்சிகளை எதிர்த்து நாம் பல்லாண்டுகளாகப் போராடி வருகிறோம். ஆகவே பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் அலட்சியத்தால் ஊர் எரியும்போது நம்மில் சிலருக்கு ஒரு தயக்கம் வருகிறது. உரக்கப் பேசினால் அது தனியார்மயத்தை வேண்டுவோருக்கு ஆயுதமாகிவிடுமோ என்று எண்ணுகிறோம். அனுதாபத் தீர்மானம், இழப்பீட்டுக் கோரிக்கை, விசாரணைக் கோரிக்கை ஆகிய மூன்றோடு நின்றுவிடுகிறோம்.

இந்தத் தயக்கம் தவறானது. தன் குழாய் செல்லும் ஊரின் நம்பிக்கையை இழந்த பொதுத்துறையை, விற்பனைக்கு வரும் நாளில் அந்த ஊர் காக்க வராது. நாம் மௌனம் காத்தால் மக்களின் சினத்தை மற்றவர்கள் எடுத்தாள்வார்கள். பொதுத்துறையைக் காப்பதும் அது ஊரைக் காக்கும்படி செய்வதும் ஒரே பணியின் இரு பகுதிகள்.

உடைமை மாறினால் பாதுகாப்பு வந்துவிடும் என்பவர்களுக்குக் கலிபோர்னியாவின் சான் புரூனோ நகரம் பதில் சொல்லும். 2010 செப்டம்பர் 9 மாலை, பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற தனியார் நிறுவனத்தின் குழாய் அங்கு வெடித்தது. எட்டுப் பேர் இறந்தனர். 38 வீடுகள் அழிந்தன. 1956-இல் புதைக்கப்பட்ட அந்தக் குழாய்ப் பகுதியில் இணைப்பே கிடையாது என்று நிறுவனத்தின் பதிவேடு கூறியது. தோண்டிப் பார்த்தபோதோ, குறையுள்ள பற்றவைப்புகள் வெளிப்பட்டன. வாயுவை நிறுத்துவதற்கு 95 நிமிடங்கள் ஆயின. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் விசாரணையில் நிறுவனத்தை மட்டும் குறைகூறவில்லை. பழைய குழாய்களுக்கு அழுத்தச் சோதனையிலிருந்து விலக்களித்த அரசு விதிகளையும், நிறுவனத்தின் குறைகளைக் கண்டறியத் தவறிய மாநில ஆணையத்தையும் அது சேர்த்தே சுட்டியது. ஆணையத்தின் உயர்நிலையில் இருந்தோரும் நிறுவனத்தாரும் எவ்வளவு நெருக்கமாக இருந்தனர் என்பதைக் காட்டும் மின்னஞ்சல்கள் 2014-இல் வெளிவந்தன.

அரசுடைமையே போதுமான காப்பு என்று கருதுவோருக்குச் சீனாவின் சிங்தாவ் நகரம் பதில் சொல்லும். 2013 நவம்பர் 22 அன்று அரசு நிறுவனமான சினோபெக்கின் கச்சா எண்ணெய்க் குழாய் அரிமானத்தால் கசிந்து, எண்ணெய் மழைநீர் வடிகாலில் கலந்தது. கசிவு தெரிந்தது விடியலுக்கு முன். வெடிப்பு நிகழ்ந்தது முற்பகல் பத்தரை மணியளவில். இடைப்பட்ட ஏறத்தாழ ஏழரை மணி நேரத்தில் அப்பகுதி மக்கள் வெளியேற்றப்படவில்லை. 62 பேர் மாண்டனர்.

ஒன்று தனியார், மற்றொன்று அரசு. உடைமை வேறு, நோய் ஒன்றே. இரண்டிடத்திலும் கண்காணிக்க வேண்டியவர்களின் கண் மூடியிருந்தது; குழாயின் அருகே வாழ்ந்தவர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. பொது உடைமை தேவை. அதற்குமேல், அந்த உடைமையைக் கேள்வி கேட்கும் தற்சார்புள்ள பொதுக் கண்காணிப்பும் தேவை.

நான்கு வாசல்கள், ஒரு காவலரும் இல்லை

நம் நாட்டில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. எண்ணெய்க் கிணற்றில் பாதுகாப்பைப் பார்ப்பது தொழிலாளர் அமைச்சகத்தின் கீழுள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம். பெட்ரோலியக் குழாய்க்கு ஒப்புதல் தருவது வணிக, தொழில் அமைச்சகத்தின் கீழுள்ள பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. இயற்கை எரிவாயுக் குழாய்க்குரிய பாதுகாப்பு விதிமுறைகளை வகுப்பது பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். தொழில்நுட்பத் தரங்களை எழுதித் தணிக்கை செய்வது எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம். கிணற்றிலிருந்து ஆலைவரை செல்லும் ஒரே வாயு இத்தனை அலுவலகங்களின் எல்லைகளைக் கடக்கிறது. விபத்து நேர்ந்தபின் ஒவ்வோர் அலுவலகமும் மற்றோர் அலுவலகத்தைக் காட்ட இடமிருக்கிறது.

எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் 1986-இல் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் அமைக்கப்பட்டது. கடற்பகுதிப் பணிகளுக்கு 2008-ஆம் ஆண்டின் விதிகள் அதற்குச் சட்டப்படியான பொறுப்பைத் தந்தன. நிலத்தில் செல்லும் குழாய்களைப் பொறுத்தவரை அது அறிவுரை கூறும் அமைப்பாகவே நிற்கிறது. அதன் அலுவலர்களில் பெரும்பாலோர் எண்ணெய் நிறுவனங்களிலிருந்து அயற்பணியில் வருபவர்கள். பணிக்காலம் முடிந்ததும் அந்நிறுவனங்களுக்கே திரும்ப வேண்டியவர்கள். அவர்களின் திறமையையோ நேர்மையையோ நான் ஐயுறவில்லை. ஆனால் நாளை தனக்கு மேலதிகாரியாக அமரவிருப்பவரின் குறையை இன்று எழுதச் சொல்வது தனிமனித நேர்மையின்மீது ஏற்றப்படும் பெருஞ்சுமை. நல்ல அமைப்பு அத்தகைய சுமையை எவர்மீதும் ஏற்றாது.

ஒழுங்குமுறை வாரியத்தின் கதை வேறு. அதை உருவாக்கிய சட்டம் 2006-இல் நிறைவேறியது. போட்டிச் சந்தையை வளர்ப்பது அச்சட்டத்தின் நோக்கங்களில் முதன்மையானது. எந்த நிறுவனம் எங்கே குழாய் அமைக்கலாம், கட்டணம் எவ்வளவு, எந்த நகரத்தின் விநியோக உரிமை யாருக்கு என்பனவே அதன் பெரும்பணி. பாதுகாப்பு அதன் பட்டியலில் உண்டு. பந்தியின் கடைசி இலையில். 2009-இல் தொழில்நுட்பத் தரங்களையும் பாதுகாப்பையும் பற்றிய விதிமுறைகள், 2010-இல் அவசரகாலத் திட்ட விதிமுறைகள், 2012-இல் குழாயின் உறுதித்தன்மையைப் பேணும் விதிமுறைகள் என அது வெளியிட்டவை நல்லவையே. இவை அனைத்தும் நடப்பில் இருந்த காலத்தில்தான் நகரம் எரிந்தது. 2017 இறுதியில் ஓஎன்ஜிசியின் முன்னாள் தலைவரே இவ்வாரியத்திற்குத் தலைவரானார். 2020 இறுதியில் அவர் விலகியபின் தலைவர் இருக்கை ஏறத்தாழ ஈராண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. நாட்டில் இயங்கும் எரிவாயுக் குழாய்களின் நீளம் இன்று ஏறத்தாழ 25,000 கிலோமீட்டர். அது மேலும் நீள்கிறது. நகர்தோறும் தெருவுக்குள் வருகிறது. அரசு எதற்கு முதன்மை தருகிறது என்பதற்கு அந்த வெற்று இருக்கையே சாட்சி.

தண்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2006 சட்டத்தின்படி ஒரு மீறலுக்கு வாரியம் விதிக்கக்கூடிய தண்டம் பொதுவாக ஒரு கோடி ரூபாய்க்கு மேற்படாது; மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் ரூபாய்வரை கூடும். பல்லாயிரம் கோடி புழங்கும் தொழிலில் இது அலுவலகச் சில்லறைச் செலவு. சான் புரூனோவுக்குப் பின் அதே கலிபோர்னிய ஆணையம், மக்களின் சினத்தாலும் நாடறிந்த அவமானத்தாலும் உந்தப்பட்டு, 2015-இல் அந்நிறுவனத்துக்கு 160 கோடி டாலர் தண்டம் விதித்தது. அதில் 85 கோடி டாலரைக் குழாய்ப் பாதுகாப்புப் பணிகளுக்கே, பங்குதாரர்களின் பணத்திலிருந்து செலவிட வேண்டும் என்று ஆணையிட்டது. முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே, மக்கள் நெருக்கினால், ஒழுங்குமுறை அமைப்புக்குப் பல் முளைக்கிறது.

சட்டத்தின் மொழி

கட்சி ஆவணங்களையும் சட்டங்களையும் தமிழாக்குவது என் அன்றாடப் பணி. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்வழிகள் சட்டத்தைப் பெயர்க்கும்போது ‘பயன்படுத்துவோர் உரிமை’ என்ற தொடரில் என் பேனா நின்றுவிடும். பயன்படுத்துபவர் யார்? தன் நிலத்தை நாள்தோறும் உழுது பயன்படுத்தும் விவசாயி அல்லர்; குழாய் புதைக்கும் நிறுவனம். நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். அந்நிலப்பட்டையில் அவர் கட்டடம் கட்டக்கூடாது; கிணறோ குளமோ வெட்டக்கூடாது; மரம் நடக்கூடாது. இவ்வளவுக்கும் சட்டம் தரும் உரிமை இழப்பீடு, நிலத்தின் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து. குழாயைச் சேதப்படுத்துவோருக்கான தண்டனைகள் 2011-இல் மிகக் கடுமையாக்கப்பட்டன. மனிதரிடமிருந்து குழாயைக் காக்கச் சட்டம் விழிப்புடன் இருக்கிறது. குழாயிடமிருந்து மனிதரைக் காக்கும் கடமையை நிறுவனத்தின் தலையில் ஏற்ற, அதே கடுமையுள்ள சட்டம் இல்லை.

பிறிதொரு தொடரும் என்னை நிறுத்தியது. 2020-இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஆய்வாளர் என்ற பதவியை ‘ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும்’ என்று மாற்றியது. யாருக்கு வசதி? மொழிபெயர்ப்பில் ஒரு சொல் கூடியது. நடைமுறையில் ஓர் அதிகாரம் தேய்கிறது.

மேலும், குழாய்த் தடத்தில் வெயிலிலும் மழையிலும் நடந்து கசிவையும் மண்சரிவையும் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். முதலில் காண்பவர் அவர். முதலில் பேச அஞ்சுபவரும் அவரே. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று அறியாதவர், மேலாளருக்கு உவக்காத செய்தியை எழுத்தில் தரத் துணிவாரா? நிரந்தர வேலையும் சங்க உரிமையும் கூலிப் பிரச்சினை மட்டும் என்று எண்ணுவோர் இதைக் கருத வேண்டும். அவை ஊரின் பாதுகாப்புக் கருவிகள்.

தமிழ்நாடும் கேரளமும்

கொச்சியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே பெங்களூருவுக்குச் செல்லவிருந்த கெயில் குழாயைத் தமிழக விவசாயிகள் எதிர்த்தனர். இடதுசாரி விவசாயச் சங்கங்களும் அப்போராட்டத்தில் நின்றன. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்லுமாறு 2013-இல் மாநில அரசு கூறியது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மறுபுறம் கேரளத்தில், இடது ஜனநாயக முன்னணி அரசின் காலத்தில், கொச்சி–மங்களூரு குழாய்வழி நிறைவேறி 2021 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது.

இவ்விரண்டையும் எடுத்துக்காட்டி ‘அங்கே ஒரு நீதி, இங்கே ஒரு நீதியா?’ என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது; தப்பியோடத் தேவையில்லை. குழாய் வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டுமே வாதிட்டதால் நாம் இக்கேள்வியில் சிக்கினோம். குழாய் வரும் இடத்தில் எத்தகைய பாதுகாப்பு, யாருடைய கண்காணிப்பு, எவ்வளவு இழப்பீடு என்பதில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நம் கோரிக்கை ஒன்றாகவே இருக்க முடியும். தஞ்சை மாவட்டக் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று ஓஎன்ஜிசியின் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியபோது, மாவட்ட ஆட்சியர் நேரில் வர வேண்டும் என்று கேட்ட மக்களுக்குக் கிடைத்தது தடியடியும் கைதும். கசிவை ஆராயும் அலுவலருக்கு முன்பே காவல்துறை வந்து நிற்கும் இடத்தில் ஒழுங்குமுறை என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

நாம் கோர வேண்டியவை

முதலாவதாக, கிணற்றிலிருந்து நுகர்வோர் வரை எண்ணெய், எரிவாயுத் தொழில் முழுமைக்கும் ஒரே பாதுகாப்பு ஆணையம் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட வேண்டும். அது பெட்ரோலிய அமைச்சகத்தின்கீழ் இருத்தல் கூடாது; சந்தையை வளர்க்கும் பணியும் அதற்கு இருத்தல் கூடாது. எண்ணெய் நிறுவனங்களிலிருந்து அயற்பணியில் வாராத, தனக்கெனத் தேர்ந்தெடுத்த பொறியாளர்கள் அதற்கு வேண்டும். ஐயம் எழுந்தவுடன் குழாயை நிறுத்த ஆணையிடும் அதிகாரமும், நிறுவனத்தின் வருவாய்க்கு ஏற்பத் தண்டம் விதிக்கும் அதிகாரமும் வேண்டும். தண்டத்தொகை அரசுக் கருவூலத்திற்குப் போகாமல் பழைய குழாய்களை மாற்றுவதற்கே செலவாக வேண்டும்.

இரண்டாவதாக, ஆய்வறிக்கைகள் மக்கள் மொழியில் வெளியிடப்பட வேண்டும். குழாய் எந்த ஆண்டில் புதைக்கப்பட்டது, எப்போது உள்ளாய்வு நடந்தது, என்ன கண்டறியப்பட்டது, அதற்கு என்ன செய்யப்பட்டது என்ற நான்கு செய்திகளும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். இயற்கை எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. நகர விநியோகத்தில் மணமூட்டி சேர்க்கப்படுகிறது. நெடுந்தொலைவுக் குழாய்களில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. மூக்கால் அறிய முடியாத ஆபத்தை ஏட்டாலாவது அறியும் உரிமை ஊருக்கு உண்டு.

மூன்றாவதாக, தடக்காவல், பராமரிப்பு, கட்டுப்பாட்டு அறை ஆகிய பணிகள் நிரந்தரப் பணிகளாக வேண்டும். குறையைச் சொல்லும் தொழிலாளருக்குச் சட்டப் பாதுகாப்பும், பாதுகாப்புக் குழுவில் தொழிற்சங்கத்துக்கும் கிராம சபைக்கும் இடமும் வேண்டும். நான்காவதாக, 1962 சட்டம் திருத்தப்பட்டு, இழப்பீடு உயர்வதோடு, நிறுவனத்தின் பாதுகாப்புக் கடமையும் அதை மீறினால் உயர் அலுவலர்கள் ஏற்க வேண்டிய பொறுப்பும் அதில் எழுதப்பட வேண்டும்.

இவற்றுக்குச் செலவாகும் என்பார்கள். பொதுத்துறையின் இலாபம் குறையும் என்பார்கள். குறையட்டும். மத்திய அரசு ஆண்டுதோறும் இந்நிறுவனங்களிடமிருந்து கறந்தெடுக்கும் ஈவுத்தொகையில் ஒரு பகுதி குழாய்களுக்குத் திரும்பினால் போதும். இலாபத்தைப் பெருக்குவதற்காகப் பராமரிப்பைக் குறைப்பதும் ஒருவகைத் தனியார்மயமே. வரவு கருவூலத்துக்கு, ஆபத்து ஊருக்கு.

கிளைகளின் பணி

கோரிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டியது. பணி ஊரில் தொடங்க வேண்டியது. குழாய் செல்லும் பகுதியில் உள்ள ஒவ்வொரு கிளையும் தன் எல்லைக்குள் குழாய்த் தடத்தை ஒருநாள் நடந்து பார்க்கட்டும். எச்சரிக்கைப் பலகைகள் எங்கே சாய்ந்துள்ளன, எங்கே மண் அரித்துள்ளது என்று குறித்துக்கொள்ளட்டும். அவசரகாலத் திட்டம் என்ன, கசிவு நேர்ந்தால் யாரை அழைப்பது, மக்கள் எத்திசையில் வெளியேறுவது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியரிடம் கேட்கட்டும். கிடைக்கும் விடையைக் கிராம சபையில் படிக்கட்டும். விடை வராவிட்டால், வரவில்லை என்பதையும் படிக்கட்டும். தடத்தில் நடக்கும் ஒப்பந்தத் தொழிலாளியோடு பேசட்டும். அவர் எண்ணெய்த் துறைத் தொழிற்சங்கத்தில் சேர வழிசெய்யட்டும். துறையின் நிரந்தரத் தொழிலாளர்களாகிய நம் தோழர்கள், தங்கள் கோரிக்கைப் பட்டியலில் பாதுகாப்பை ஊதியத்துக்கு அடுத்தபடியாக அன்று, அதனோடு சமமாக வைக்கட்டும்.

அன்று நகரத்தில் முறையீட்டைக் கேட்கும் கடமையும் வாயுவை நிறுத்தும் அதிகாரமும் ஒரே கையில் இருந்திருந்தால், அந்த விடியற்காலை மற்றொரு விடியற்காலையாகவே கழிந்திருக்கும். அந்தக் கை மக்களுடைய கையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே நாம் அரசின் ஒழுங்குமுறையைக் கோருகிறோம்.